இதோடு போதும்!

போன வாரம் இந்தப் பகுதியில் தேங்காய்ப் பால் திரிந்து போகாமல் குழம்பு வைக்கும் வழியைச் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சகோதரிகள் சிலர் சந்தேகம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் அடுத்த வாரம் பதில் சொல்கிறேன். இந்த வாரம் என்னைச் சமையலறையிலிருந்து கிளப்பி மைதானத்துக்கு இழுத்துக் கொண்டு போய்விட்டாள் என் பேத்தி. பேத்தி ஒருத்தி வீட்டில் இருந்தால் நாம் போகாத ஊருக்கெல்லாம் போக வேண்டியிருக்கிறது!

சனிக்கிழமை மத்தியானம். பொள்ளாச்சி வெயில் வாசலில் கொளுத்திக் கொண்டிருந்தது. கொப்பரை காய வைத்திருந்த பாயைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். பேத்தி வந்து கொண்டிருந்தாள். இரண்டு முழங்காலிலும் செம்மண். தலைப் பின்னல் பாதி அவிழ்ந்திருந்தது. கையிலிருந்த தோல் கையுறையைத் திண்ணையில் விட்டெறிந்தாள். அது உருண்டு போய்க் கொப்பரை மேல் விழுந்தது.

அவள் பள்ளிக்கூடத்தில் ஸாஃப்ட்பால் ஆடுகிறாள். அன்று வேறொரு பள்ளியோடு பந்தயம்.

"என்ன கண்ணு, தோத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"தோத்தாப் பரவாயில்லீங்க அம்மாயி. தோக்கறதுக்குக்கூட முழுசா விடலீங்க!" என்றாள். சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டிக் கொண்டு வந்துவிட்டது.

மோர் கொடுத்து, மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்து, மெல்ல மெல்ல விஷயத்தை வாங்கினேன். ஸாஃப்ட்பால் ஏழு இன்னிங்ஸ் ஆடும் ஆட்டமாம். நாலாவது இன்னிங்ஸ் முடிந்தபோது எதிர்க் கட்சி 16 ரன். இவர்கள் ஒரே ஒரு ரன். உடனே நடுவர் கையைத் தூக்கி, "ஆட்டம் முடிந்தது" என்று சொல்லிவிட்டாராம். நாலு இன்னிங்ஸ் முடிவில் 15 ரன் வித்தியாசம் இருந்தால் அதற்கு மேல் ஆட வேண்டியதில்லை என்று சட்டம் இருக்கிறதாம்.

"மூணாவது ஆள் அவுட் ஆனப்ப, அடுத்தது நானுங்க. மட்டையக் கையில வெச்சுட்டு நின்னுட்டிருந்தேன். அப்படியே எல்லாரும் வரிசையா நின்னு கை குடுத்துட்டு வந்துட்டோம். நான் அடிக்கவே இல்லீங்க அம்மாயி!"

அதுதான் சங்கதி. பதினாறு ரன்னும் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மட்டையைப் பிடித்துக் கொண்டு நின்ற கை சும்மா திரும்பி வந்ததுதான் பொறுக்கவில்லை. "இனிமே நான் ஆடப் போகலீங்க" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

சாயங்காலம் இது வீட்டில் பெரிய வழக்காகிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் நடுவர் பக்கம். "இழுக்க முடியாத மாட்டை ஏர்க்காலிலிருந்து அவுத்து விடறதுதான் தர்மம். அதைப் போய் அடிச்சு ஓட்டுவாங்களா?" என்றார். பக்கத்து வீட்டு அக்கா மாவுக்கு உளுந்து இரவல் வாங்க வந்தவர், அப்படியே பேத்தியின் கட்சியில் சேர்ந்துவிட்டார். "அதெப்படிங்க! பந்தியில உக்காந்து சாப்பிடறவங்க மெதுவாச் சாப்பிடறாங்கன்னு இலைய எடுத்துருவீங்களா? ரசம், மோர் எல்லாம் யாரு சாப்பிடறது?" என்று ஒரு போடு போட்டார். எங்கள் வீட்டுக்காரர் வாயடைத்துப் போனார். அந்த அக்காவிடம் அவர் ஜயித்து நான் பார்த்ததில்லை.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பது போலத் தோன்றியது. இந்த மாதிரிச் சமயத்தில் எனக்குத் தூக்கம் வராது. பேத்தியின் கைபேசியையும், மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக் கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நான் தெரிந்து கொண்டதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். அதற்குத் தங்கை முறை ஸாஃப்ட்பால். பந்து சற்றுப் பெரிது. கையைத் தாழ்த்திக் கீழிருந்து வீச வேண்டும். கிரிக்கெட்டைப் போலவே ஒருவர் வீச, ஒருவர் அடிக்க வேண்டியது. சதுரமாக நாலு மூலையில் நாலு நிலைகள் இருக்கும். அடித்தவர் ஒவ்வொரு நிலையாக ஓடி, சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டால் ஒரு ரன். மூன்று பேர் அவுட் ஆனால் அந்தக் கட்சி உள்ளே போய், மற்றக் கட்சி அடிக்க வரும். பேஸ்பாலில் இப்படி ஒன்பது தடவை, ஸாஃப்ட்பாலில் ஏழு தடவை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூன்று பேரை அவுட் ஆக்கினால்தான் அடிக்கிற கட்சி உள்ளே போகும். ஆக்க முடியாவிட்டால்? பொழுது சாய்ந்தாலும் அடித்துக் கொண்டே இருக்க வேண்டியதுதான். கால்பந்துக்கு 90 நிமிஷம் என்று கடிகாரம் இருக்கிறது. கபடிக்கும் அப்படியே. ஒரு நாள் கிரிக்கெட்டுக்கு 50 ஓவர். எவ்வளவு மோசமாகத் தோற்றாலும் கடிகாரம் ஒரு சமயம் வந்து காப்பாற்றிவிடும். ஐந்து நாள் கிரிக்கெட்டில் ஓவர் கணக்கு இல்லைதான்; ஆனால் அங்கே கேப்டன் "போதும், நாங்கள் அடித்தது" என்று டிக்ளேர் செய்யலாம். பேஸ்பாலில் கடிகாரமும் இல்லை, டிக்ளேரும் இல்லை. ஜயிக்கிறவர்கள் இரக்கப்பட்டு நிறுத்த நினைத்தாலும் முடியாது. வேண்டுமென்றே அவுட் ஆனால்தான் உண்டு. அது எதிராளியை இன்னும் அவமானப்படுத்துவதாகும். ஆகையால் "போதும்" என்று சொல்ல வெளியிலிருந்து ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அமெரிக்கர்கள் பேச்சு வழக்கில் அதை 'மெர்ஸி ரூல்' என்கிறார்கள். நம் பாஷையில் கருணை விதி.

குழந்தைகள் ஆடும் லிட்டில் லீக் பேஸ்பாலில் நாலு இன்னிங்ஸுக்குப் பிறகு 10 ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டம் முடிந்தது. சர்வதேச ஸாஃப்ட்பாலில் மூன்று இன்னிங்ஸில் 20, நாலில் 15, ஐந்தில் 7. ஆனால் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி ஜனங்கள் பார்க்கும் பெரிய லீக் பேஸ்பாலில் இந்தக் கருணை கிடையாது. 2007 ஆகஸ்ட் 22-ல் டெக்ஸாஸ் கட்சியார் பால்டிமோர் கட்சியாரை 30-க்கு 3 என்று அடித்தார்கள். ஒன்பது இன்னிங்ஸும் நடந்தது. சம்பளம் வாங்குகிறவர்களுக்குக் கருணை எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ!

இந்தச் சட்டம் இருந்தும் காப்பாற்ற முடியாமல் போன கதை ஒன்று ஜப்பானில் நடந்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது.

1998 ஜூலை 18. ஜப்பானின் வடபகுதியில் அவோமோரி என்ற மாகாணம். உயர்நிலைப் பள்ளிகளுக்கிடையே பேஸ்பால் பந்தயம். ஜப்பானில் இந்தப் பள்ளிப் பந்தயம் என்றால் ஊரே திரண்டுவிடும். ஒரு பக்கம் தோ-ஓகிஜுகு என்ற பலமான பள்ளி. இன்னொரு பக்கம் ஃபுகாவுரா என்ற கடலோரச் சிற்றூரின் பள்ளி. ஆட்டத்துக்கு ஒன்பது பேர் வேண்டும். அந்தப் பள்ளிக் கட்சியில் மொத்தம் இருந்தவர்களே பத்துப் பேர்தான். முதல் இன்னிங்ஸிலேயே எதிர்க் கட்சி 39 ரன் எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு 10, 11, 17, 16. ஐந்து இன்னிங்ஸ் முடிவில் 93-க்கு பூஜ்யம்! அந்த நாளில் அந்த மாகாணத்தில் ஏழாவது இன்னிங்ஸில்தான் கருணை விதி வேலை செய்யும். அதுவரை பிள்ளைகள் வெயிலில் நின்றே ஆக வேண்டும்.

ஆட்டத்தின் நடுவே ஒரு சமயம், விட்டுக் கொடுத்துவிடலாமா என்று பயிற்சியாளர் பிள்ளைகளையே கேட்டார். விட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? பேஸ்பாலில் ஒரு கட்சி பாதியில் விலகிக் கொண்டால் 9-க்கு பூஜ்யம் என்றுதான் கணக்கில் எழுதுவார்கள். 93 என்ற எண்ணே புத்தகத்தில் இருக்காது. கௌரவமான தோல்வியாகப் போய்விடும். அந்தப் பையன்கள் மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசி வரை ஆடினார்கள். ஏழாவது இன்னிங்ஸ் முடிந்து விதிப்படி ஆட்டம் நின்றபோது 122-க்கு பூஜ்யம். இன்றைக்கும் அந்த எண்ணோடுதான் அந்தப் பந்தயம் பேசப்படுகிறது.

எதிர்க் கட்சியார் கொஞ்சம் மட்டுப்படுத்தி ஆடியிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது. அவர்கள் ஆடவில்லை. கடைசி இன்னிங்ஸிலும் 17 ரன் எடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர், "அதுதான் மரியாதை. சின்னப் பசங்கன்னு பாவம் பாத்து ஆடியிருந்தா அந்தப் பசங்களுக்கு இன்னும் கேவலமா இருந்திருக்கும்" என்றார். காலையில் நடுவர் கட்சியில் இருந்தவர் இராத்திரிக்குள் எங்கே வந்து நிற்கிறார் பாருங்கள்! ஜப்பானியர்களும் யோசித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. 2000-ஆம் வருஷத்திலிருந்து இந்த மாதிரி மாகாணப் பந்தயங்களில் ஐந்து இன்னிங்ஸில் 10 ரன், ஏழு இன்னிங்ஸில் 7 ரன் என்று எல்லா இடத்துக்கும் ஒரே விதியாக்கிவிட்டார்கள்.

ஜப்பான் தூரம். நம் பக்கத்துக்கு வருவோம்.

கோயமுத்தூர்ப் பிள்ளை நாராயண் ஜகதீசனை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2022 நவம்பர் 21-ஆம் தேதி பெங்களூரில் விஜய் ஹஸாரே கோப்பைப் பந்தயம். தமிழ்நாடும் அருணாசலப் பிரதேசமும் மோதின. அன்று ஜகதீசன் 141 பந்தில் 277 ரன் எடுத்தார். அந்த வகை ஒரு நாள் ஆட்டங்களில் அதற்கு முன் உலகத்தில் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. இங்கிலாந்தில் அலிஸ்டர் பிரௌன் 2002-ல் எடுத்த 268 இருபது வருஷம் அசையாமல் இருந்தது, அது போயிற்று. அந்தக் கோப்பையில் அவருக்கு அது தொடர்ந்து ஐந்தாவது சதம். அவரும் ஸாயி சுதர்சனும் முதல் விக்கெட்டுக்கு மட்டும் 416 ரன் சேர்த்தார்கள். சுதர்சன் 154. தமிழ்நாடு 2 விக்கெட்டுக்கு 506.

எங்கள் தெருவில் அன்றைக்கு ஒரே குதூகலம். "நம்ம ஊர்ப் பையனுங்க!" என்று பால்காரர் உட்படப் பேசிக் கொண்டார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இப்போதுதான் அந்தக் கணக்கின் மற்றப் பாதியைப் பார்த்தேன். அருணாசலத்தின் பந்து வீச்சாளர் ஒருவர் 10 ஓவரில் 114 ரன் கொடுத்திருக்கிறார். விக்கெட் ஒன்றும் இல்லை. பிறகு அவர்கள் ஆட வந்து 71 ரன்னில் எல்லோரும் அவுட். 435 ரன் வித்தியாசத்தில் தோல்வி. அந்த மாநிலத்துக் கட்சி இந்தப் பந்தயங்களில் ஆடத் தொடங்கியதே 2018-19-ல்தான். தமிழ்நாட்டுக் கட்சியோ பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஆடுகிற கட்சி. இப்படி இரண்டு பேரை ஒரே பிரிவில் போட்டது சரியா என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள். பிற்பாடு புதிய கட்சிகளுக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். அப்படியும் 2025 டிசம்பரில் பீகார்க் கட்சி அதே அருணாசலத்தின் மீது 574 ரன் எடுத்து, தமிழ்நாட்டின் 506-ஐத் தாண்டிவிட்டது. யாருக்கு ஜாதகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ!

கிரிக்கெட்டில் கருணை விதி இருந்திருந்தால்? 300 ஆனதும் நடுவர் கையைத் தூக்கியிருப்பார். அருணாசலப் பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள். கோயமுத்தூர்ப் பிள்ளையின் 277 இருந்திருக்காது. நிறுத்துகிற கை தோற்கிறவரிடமிருந்து மட்டும் எடுத்துக் கொள்வதில்லை. ஜயிக்கிறவரிடமிருந்தும் எதையோ எடுத்துக் கொண்டு போகிறது.

இதற்கு நல்ல அத்தாட்சி ஒன்று கிடைத்தது. 2023 மார்ச் 13-ல் உலகப் பேஸ்பால் பந்தயத்தில் போர்ட்டோ ரிக்கோவும் இஸ்ரேலும் ஆடின. போர்ட்டோ ரிக்கோவின் வீச்சாளர்கள் நாலு பேர் மாறி மாறி வீசி, எதிர்க் கட்சியில் ஒருவரைக்கூட முதல் நிலைக்குக் கால் வைக்க விடவில்லை. வந்த 24 பேரும் வந்த வழியே திரும்பினார்கள். பேஸ்பாலில் இதைவிடப் பெரிய பெருமை கிடையாது. 'பூரண ஆட்டம்' என்பார்கள். எட்டாவது இன்னிங்ஸில் 10-க்கு பூஜ்யம் ஆயிற்று. கருணை விதி வந்து ஆட்டத்தை முடித்துவிட்டது. ஒன்பது இன்னிங்ஸ் ஆகாததால் அதைப் பூரண ஆட்டம் என்று அதிகாரபூர்வமாகச் சேர்த்துக் கொள்ள முடியாது என்று ஆகிவிட்டது. பாயசம் இறக்கும் சமயத்தில் காஸ் தீர்ந்து போன மாதிரி!

ஆனால் நிறுத்த ஆளில்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? 2016 ஜனவரியில் மும்பைக்குப் பக்கத்தில் கல்யாண் என்ற ஊரில் பள்ளிக்கூடக் கிரிக்கெட். ஒரு பதினைந்து வயசுப் பையன் ஆட்டமிழக்காமல் 1009 ரன் எடுத்தான். உலகமே கொண்டாடியது. அவன் பள்ளிக்கூடம் 1465 ரன் சேர்த்த பிறகுதான் டிக்ளேர் செய்தது. எதிர்த்து ஆடியவர்களில் பலர் பத்துப் பன்னிரண்டு வயசுக் குழந்தைகள். அவர்கள் முதல் தடவை 31, இரண்டாம் தடவை 52. டிக்ளேர் செய்கிற அதிகாரம் கேப்டன் கையில்தான் இருந்தது. 500-ல் செய்திருக்கலாம், 800-ல் செய்திருக்கலாம். அந்தக் குழந்தைகளின் தாய்மார் அன்று சாயங்காலம் பிள்ளைகளின் கால்களுக்கு வெந்நீர் ஊற்றியிருப்பார்கள் என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2017 நவம்பரில் குண்டூரில் 19 வயசுக்குட்பட்ட பெண்களின் கிரிக்கெட். நாகாலாந்துப் பெண்கள் கேரளத்தோடு ஆடினார்கள். 17 ஓவர் நின்று அவர்கள் எடுத்த ரன் எத்தனை தெரியுமா? இரண்டு. இருநூறு இல்லை அம்மா, இரண்டு! அதிலும் ஒன்றுதான் மட்டையால் வந்தது, மற்றது வைடு. கேரளப் பெண்கள் கணக்கில் சேரும் முதல் பந்திலேயே ஜயித்துவிட்டார்கள். பத்திரிகைகள் எல்லாம் வேடிக்கையாகப் போட்டன. நான் வேறு ஒன்றை நினைத்தேன். இரண்டு ரன்னுக்கு 17 ஓவர் என்றால் நூறு பந்துக்கு மேல். நூறு தடவை மட்டையைத் தூக்கி ஏதோ செய்ய முயன்றிருக்கிறார்கள். யாரும் அழுது கொண்டு ஓடிவிடவில்லை. மட்டை பிடித்த ஒவ்வொரு பெண்ணும் தன் முறைக்கு வந்து நின்றுவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

அந்த முறை தனக்குக் கிடைக்கவில்லை என்றுதானே என் பேத்தி அழுதாள்?

எங்கள் வீட்டுக்காரர் விடவில்லை. 2001 மார்ச்சில் கல்கத்தாவில் நடந்த டெஸ்ட் பந்தயத்தை இழுத்து வந்தார். ஆஸ்திரேலியா 445, இந்தியா 171. "274 ரன் பின்னாடி. வா, மறுபடியும் ஆடுன்னு கூப்பிட்டாங்க. அங்க உன்ற கருணை விதி இருந்திருந்தா மூட்டையக் கட்டிட்டு வந்திருக்கணும். லக்ஷ்மண் 281, திராவிட் 180. கடைசியில ஜயிச்சது யாரு?" என்றார். இந்தியாதான், 171 ரன் வித்தியாசத்தில். அந்த நாலாம் நாள் முழுவதும் அவர் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகாமல் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் அடுத்த காட்டுக்குப் போய்விட்டது. அதைப் பற்றி நான் இப்போது ஒன்றும் சொல்லவில்லை.

இந்த விஷயத்தில் நம் கபடியின் புத்தி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு கட்சியில் ஏழு பேரும் அவுட் ஆகிவிட்டால் எதிர்க் கட்சிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி. லோனா என்று பெயர். ஆனால் அதே நொடியில் வெளியே போன ஏழு பேரும் எழுந்து உள்ளே வந்துவிடுகிறார்கள். அடியோடு விழுந்தால்தான் எல்லோரும் பிழைக்கலாம்! நிறுத்துவதும் இல்லை, நசுக்குவதும் இல்லை. அபராதத்தைக் கட்டு, ஆளைக் கூட்டிக் கொண்டு வா, ஆடு. யார் யோசித்தார்களோ, அவர்கள் நல்லாயிருக்க வேண்டும்.

பல்லாங்குழியும் இப்படித்தான். சிறு வயசில் என் அக்காவோடு ஆடுவேன். ஒரு சுற்று முடிந்ததும் கையில் இருக்கிற புளியங்கொட்டையைக் குழிக்கு ஐந்தாக நிரப்ப வேண்டும். என்னிடம் பாதிக் குழிக்குக் கூட வராது. நிரம்பாத குழிகளை அடைத்துவிட்டு, மீதிக் குழியோடு ஆட்டம் தொடரும். ஏழு குழி ஐந்தாகும், மூன்றாகும், ஒன்றாகும். அந்த ஒற்றைக் குழியை வைத்துக் கொண்டு நான் முறைத்துக் கொண்டு உட்கார்ந்திருப்பேன். அக்கா எங்கள் அம்மா பக்கம் ஒரு தடவை பார்ப்பாள். தன் குவியலிலிருந்து ஐந்து கொட்டையை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு, "கடன்தான், திருப்பிக் குடுத்துரணும்" என்பாள். அந்தக் கடனை நான் இன்னும் திருப்பவில்லை. அக்கா கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேத்திக்குத் தலை வாரிக் கொண்டே இதையெல்லாம் சொன்னேன். ஜப்பான் பையன்கள் 9-க்கு பூஜ்யம் வேண்டாமென்று 122-ஐ எடுத்துக் கொண்ட கதையைக் கேட்டதும் தலையைத் திருப்பினாள். சிக்கு இழுத்து, "ஆ!" என்று கத்தினாள்.

"அவங்களாச்சும் ஆடுனாங்க அம்மாயி. எங்கள யாரும் கேக்கவே இல்லையே. கேட்டிருந்தா, ஆடறோம்னு சொல்லியிருப்போமுங்க" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. அவள் சொன்னது நான் படித்த எதிலும் இல்லாத விஷயம். ஃபுகாவுராவில் ஒரு பெரியவர் பிள்ளைகளைக் கேட்டார். அவர் கேட்டதால்தான் அந்த 122 அவர்களுடையதாயிற்று. இங்கே நடுவர் செய்தது சட்டப்படி சரி, வெயிலுக்கும் சரி, எங்கள் வீட்டுக்காரரின் மாட்டுக்கும் சரி. ஆனால் அது மாடு இல்லையே. பதினாலு வயசுப் பெண். வாய் இருக்கிறது, கேட்டால் பதில் சொல்லத் தெரியும். சட்டத்துக்கு வெளியே, பந்தயக் கணக்கில் சேராமல், இன்னும் ஒரு சுற்று விளையாடிவிட்டுப் போகலாமா என்று இரண்டு கட்சிப் பெண்களையும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? மைதானத்தில் வேறு பந்தயம் காத்திருந்ததோ என்னவோ, அது எனக்குத் தெரியாது.

அவளிடம் கடைசியாக ஒன்றைக் காட்டினேன். 2021 ஜூலை 21. டோக்கியோ ஒலிம்பிக்ஸ். தொடக்க விழாவுக்கும் முன்பே நடந்த முதல் பந்தயம் பெண்கள் ஸாஃப்ட்பால்தான். ஃபுகுஷிமாவில் ஆளில்லாத மைதானத்தில் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும். ஆஸ்திரேலியப் பெண்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1996 முதல் 2008 வரை நாலு ஒலிம்பிக்ஸிலும் ஸாஃப்ட்பாலில் பதக்கம் வாங்கியவர்கள். ஜப்பானுக்காக முதலில் பந்து வீசியவர் யூகிகோ உவேனோ. மறுநாள் அவருக்கு 39 வயசு நிறைந்தது. ஐந்தாவது இன்னிங்ஸில் 8-க்கு 1. ஏழு ரன் வித்தியாசம். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

"ஒலிம்பிக்ஸ்லயுமா நிறுத்துவாங்க?" என்று கேட்டாள் பேத்தி.

"ஆமா சாமி. உலகம் பூரா டெலிவிஷன்ல பாத்துட்டிருக்கறப்ப நிறுத்திட்டாங்க."

"அப்புறம் என்ன பண்ணுனாங்க அவங்க?"

"மறுநா வந்து இத்தாலியோட ஆடி, 1-க்கு பூஜ்யம்னு ஜயிச்சாங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ரிப்பனை முடிந்து விட்டேன். எழுந்து போய், திண்ணையில் கிடந்த கையுறையை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். வார் ஒன்று அறுந்திருந்தது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து வாங்கி வந்தார் அப்புச்சி. அவரிடம் ஏதோ இரகசியமாகக் கணக்குப் போட்டுக் கொண்டிருந்தாள். காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"நாலு இன்னிங்ஸ்ல பதினாலு வித்தியாசத்துல தோத்தாப் போதுமுங்க அப்புச்சி. அஞ்சாவது இன்னிங்ஸ் கட்டாயம் ஆடணும். அஞ்சாவதுல நான் வந்துருவேன்."

இப்போது தினமும் சாயங்காலம் தோப்பில் இரண்டு பேரும் பந்து போடுகிறார்கள். எங்கள் வீட்டுக்காரருக்குக் கையைத் தாழ்த்தி வீச வரவில்லை. பந்து ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நேற்று வீசிய பந்து மாட்டுத் தொட்டியில் விழுந்து, கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக் கொண்டு ஓடிவிட்டது. அதைப் பிடித்துக் கட்ட அரை மணி நேரம் ஆயிற்று.